பிராம்லி ஆப்பிள்: புளிப்புக்காகவே வளர்க்கப்படும் பழம்

கேள்வி: "நாட்டிங்காமில் படிக்கும் என் மகன் டிசம்பர் விடுமுறைக்குச் சிங்கப்பூர் வந்தபோது, தான் குடியிருக்கும் வீட்டுத் தோட்டத்தில் பறித்தவை என்று ஐந்து பெரிய பச்சை ஆப்பிள்களைக் கொண்டுவந்தான். ஒன்றைக் கடித்தால் பல் கூசும் புளிப்பு. இன்னொன்றை நறுக்கிச் சர்க்கரை போட்டு அடுப்பில் வைத்தேன். நான்கு நிமிடத்தில் கரைந்து கூழாகிவிட்டது. இதன் பெயர் பிராம்லி என்கிறான். இது பழுக்காத பழமா, கெட்டுப்போன பழமா? பேரங்காடியில் கிடைக்கும் பச்சை ஆப்பிளும் இதுவும் ஒன்றுதானா? விதையைத் தொட்டியில் போட்டால் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் முளைத்துக் காய்க்குமா? மீதமுள்ள மூன்றை என்ன செய்வது?"

பதில்:

உங்கள் பழம் கெடவில்லை. பிஞ்சில் பறித்ததும் இல்லை. அக்டோபரில் முறையாக முற்றிய பிறகு பறிக்கப்பட்ட நல்ல பிராம்லிதான் அது. நீங்கள் குறையாகச் சொன்ன இரண்டும், அதாவது பல் கூசும் புளிப்பும் சூடு பட்டவுடன் கரைந்துபோவதும், அந்த ரகத்தின் இயல்பான குணங்கள். அந்த இரண்டு குணங்களுக்காகவே நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆங்கிலேயர் அதைக் கைவிடாமல் வளர்த்து வருகிறார்கள். நாட்டிங்காம்ஷியரில் தோட்டக்கலை படித்த காலத்தில் இந்த மரங்களில் ஏணி சாத்திப் பழம் பறித்திருக்கிறேன். பிறகு பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனைச் சந்தையில் பல ஆண்டுகள் இறக்குமதிப் பழங்களைத் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். ஆகவே இந்தப் பழத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல அனுமதியுங்கள்.

சிங்கப்பூரில் நாம் வாங்கும் ஆப்பிள்கள் எல்லாமே பச்சையாகக் கடித்துத் தின்பதற்கென்று வளர்க்கப்படுபவை. அதனால் ஆப்பிள் என்றாலே இனிக்க வேண்டும், மொறுமொறுவென்று இருக்க வேண்டும் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. ஆங்கிலேயரோ தின்னும் ஆப்பிள், சமைக்கும் ஆப்பிள் என்று இரண்டு வகை வைத்திருக்கிறார்கள். நம் வீடுகளில் ரஸ்தாளியையும் மொந்தனையும் வேறு வேறு பொருளாகப் பார்ப்பதைப் போன்றது இது. மொந்தன் வாழைக்காயைத் தோலுரித்துக் கடித்துவிட்டு இது பழுதான வாழை என்று யாரும் சொல்வதில்லை. அதற்குரிய இடம் வாணலி என்று நமக்குத் தெரியும். பிராம்லிக்கும் உரிய இடம் அடுப்புதான். இங்கிலாந்துச் சந்தைகளில் சமையல் ஆப்பிள் என்று விற்கப்படுபவற்றில் மிகப் பெரும்பாலானவை இந்த ஒரே ரகத்தைச் சேர்ந்தவை.

புளிப்பு எதனால் வருகிறது என்பதை முதலில் பார்ப்போம். எலுமிச்சையின் புளிப்புக்குச் சிட்ரிக் அமிலமும் புளியின் புளிப்புக்கு டார்டாரிக் அமிலமும் காரணமாக இருப்பதைப் போல, ஆப்பிளின் புளிப்புக்கு மாலிக் அமிலம் காரணம். எல்லா ஆப்பிள்களிலும் அது இருந்தாலும், தின்னும் ரகங்களில் சர்க்கரை மிகுந்து அந்தப் புளிப்பை மறைத்துவிடுகிறது. பிராம்லியில் அமிலம் மிகுதி, சர்க்கரை குறைவு. இதன் பயன் சமைக்கும்போதுதான் தெரிய வரும். இனிப்பு ஆப்பிளை நறுக்கிச் சர்க்கரை சேர்த்து வேகவைத்துப் பாருங்கள். இறக்கும்போது வெறும் இனிப்புதான் மிஞ்சும், ஆப்பிளின் வாசனையும் சுவையும் எங்கே போயின என்று தேட வேண்டியிருக்கும். பிராம்லியில் சர்க்கரையை எதிர்த்து நிற்கப் போதிய புளிப்பு இருப்பதால், வெந்த பிறகும் அது ஆப்பிளாகவே நாக்கில் நிற்கிறது. மாங்காய்ப் பச்சடியில் வெல்லத்தைத் தாங்கிப் பிடிப்பது மாங்காயின் புளிப்புதானே, அதே கணக்குதான் இங்கும்.

கரைந்துபோவதைப் பற்றி. நீங்கள் பாத்திரத்தை மூடிவைத்துவிட்டதால் நடுவில் நடந்ததைப் பார்க்கத் தவறியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அடுத்த முறை கண்ணாடி மூடி போட்டு, அடுப்பருகிலேயே நின்று பாருங்கள். ஓர் அங்குலத் துண்டுகளாக நறுக்கி, இரண்டு தேக்கரண்டி தண்ணீர் மட்டும் விட்டு மிதமான தீயில் வைத்தால், முதல் ஒன்றிரண்டு நிமிடம் எதுவும் நடப்பதாகத் தெரியாது. பிறகு துண்டுகளின் ஓரங்கள் வெண்மை மாறிக் கண்ணாடி போலத் தெளியும். சற்று நேரத்தில் துண்டுகள் உப்பத் தொடங்கும். அதன் பின் ஒவ்வொரு துண்டாகத் தன் வடிவத்தை விட்டுவிட்டு, பாலில் நுரை எழுவதைப் போல வெண்பச்சை நுரையாகப் பொங்கி அமரும். கரண்டியால் மசிக்கவே வேண்டியதில்லை. ஆங்கிலச் சமையற்காரர்கள் விரும்புவது இந்த நுரையைத்தான். இவ்வளவு மென்மையாகப் பொங்கும் ஆப்பிள் வேறு எதுவும் நான் கண்டதில்லை.

இதற்குக் காரணம் செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருக்கும் பெக்டின் என்ற பொருளில் இருக்கிறது. செங்கல் சுவரில் சாந்து செய்யும் வேலையைப் பழத்தின் சதையில் பெக்டின் செய்கிறது. சூட்டில் அந்தச் சாந்து இளகினால் செங்கற்கள், அதாவது செல்கள், தனித்தனியாகப் பிரிந்துவிடும். சில ரகங்களில் சாந்து எளிதில் இளகாது. துண்டுகள் வெந்தாலும் வடிவம் மாறாமல் நிற்கும். பிராம்லியில் அது சட்டென்று இளகிவிடுகிறது. செல்களுக்கிடையில் உள்ள காற்று சூட்டில் விரிந்து துண்டைப் பொங்கவும் வைக்கிறது. பச்சையாக இருக்கும்போது கல் போல இருந்த பழம் நான்கு நிமிடத்தில் நுரையாவது இப்படித்தான். பழம் அழுகியிருந்தால் அடுப்பில் வைப்பதற்கு முன்பே கை அழுத்தத்துக்கு உள்ளே அமுங்கியிருக்கும்.

மீதமுள்ள மூன்றையும் மேசைமேல் வைத்து, நான் சொல்லும் அடையாளங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிராம்லி உருண்டையாக இருக்காது. மேலும் கீழும் தட்டையாக, பெரும்பாலும் ஒரு பக்கம் உயர்ந்து இன்னொரு பக்கம் சரிந்து, கோணலாக இருக்கும். ஒரு பழம் கால் கிலோவை ஒட்டி இருப்பது சாதாரணம். அரைக் கிலோவைத் தொடுபவையும் உண்டு. நிறம் பச்சை, வெயில் பட்ட பக்கத்தில் மட்டும் செம்பழுப்புப் பூச்சும் அறுந்து அறுந்து போகும் சிவப்புக் கோடுகளும் தெரியும். காம்பு குட்டையாகவும் தடித்தும் இருக்கும். பறித்து இரண்டு மாதம் ஆகிவிட்டதால் பச்சை சற்று மஞ்சளாகியிருக்கலாம். கட்டைவிரலால் தோலைத் தேய்த்துப் பார்த்தால், தேங்காய் எண்ணெய் தொட்ட விரலைத் துடைக்க மறந்ததைப் போன்ற ஒரு பிசுபிசுப்பு ஒட்டும். யாரோ மெழுகு பூசியிருக்கிறார்கள் என்று பலர் ஐயப்படுகிறார்கள். உங்கள் மகன் தோட்டத்திலிருந்து நேரே பறித்த பழத்திலும் அது இருக்கும். பழம் முதிர முதிரத் தன் தோலிலேயே சுரக்கும் இயற்கையான மெழுகு அது. வெதுவெதுப்பான நீரில் துடைத்தால் போதும்.

பேரங்காடியில் நாம் வாங்கும் பச்சை ஆப்பிள் கிரானி ஸ்மித். அது வேறு ரகம், வேறு நாடு, வேறு குணம். சிட்னி நகரை அடுத்த ஈஸ்ட்வுட் பகுதியில் மரியா ஆன் ஸ்மித் என்ற மூதாட்டியின் நிலத்தில் தானாக முளைத்து, 1868 வாக்கில் அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களின் கவனத்துக்கு வந்த மரம் அது. அதன் பச்சை ஒரே சீரானது, உருவம் உருண்டை, தோல் பளபளப்பு. புளிப்போடு இனிப்பும் கலந்திருப்பதால் பச்சையாகவும் தின்னலாம். வேகவைத்தால் துண்டுகள் பெரும்பாலும் வடிவத்தைக் காத்துக்கொள்ளும். துண்டு துண்டாகத் தெரிய வேண்டிய பலகாரத்துக்குக் கிரானி ஸ்மித் ஏற்றது; மசிந்து சேர வேண்டியதற்கு அது பிராம்லிக்கு ஈடாகாது. இங்கே பிராம்லி எளிதில் கிடைக்காததால் ஆங்கிலச் சமையற்குறிப்புகளைப் பார்த்துச் செய்பவர்கள் கிரானி ஸ்மித்தைப் போட்டுவிட்டு, சொன்னபடி வரவில்லையே என்று வருந்துகிறார்கள். குற்றம் அவர்கள் கையில் இல்லை, பழத்தின் குணம் அது.

இனி இந்த ரகத்தின் பிறப்பு. உங்கள் மகன் படிக்கும் நாட்டிங்காமிலிருந்து அதிக தூரமில்லாத சவுத்வெல் என்ற சிற்றூரில், 1809ஆம் ஆண்டு மேரி ஆன் பிரெயில்ஸ்போர்ட் என்ற இளம்பெண் தன் வீட்டில் சில ஆப்பிள் விதைகளை ஊன்றினார். அவற்றில் ஒன்று மரமாகித் தோட்டத்தில் நின்றது. 1846இல் அந்த வீட்டை மேத்யூ பிராம்லி என்ற இறைச்சிக் கடைக்காரர் வாங்கினார். பத்தாண்டுகள் கழித்து, 1856இல், உள்ளூர் நாற்றங்கால் குடும்பத்தைச் சேர்ந்த ஹென்றி மெரிவெதர் என்ற பதினேழு வயது இளைஞர் அந்தப் பழத்தைக் கண்டு வியந்து, ஒட்டுக் கட்டுவதற்கு மரத்திலிருந்து குச்சிகள் வெட்டிக்கொள்ள அனுமதி கேட்டார். பிராம்லி இசைந்தார், ஆனால் பழம் தன் பெயரைத் தாங்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார். விதையை ஊன்றிய மேரி ஆன் அதற்கு முன்பே மறைந்துவிட்டார். மரத்தை வளர்த்தவர் பெயர் ஊருக்குள்ளேயே நின்றுவிட, வீட்டை வாங்கியவர் பெயர் உலகமெங்கும் போனது எனக்கு எப்போதும் மனக்குறைதான். அதனால் பிராம்லியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் மேரி ஆனின் பெயரை முதலில் சொல்வதை வழக்கமாக வைத்திருக்கிறேன்.

மெரிவெதரின் கணக்கேட்டில் 1862ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாளில் அருகிலுள்ள அப்டன் ஹால் மாளிகையைச் சேர்ந்த கூப்பர் என்பவருக்கு மூன்று பிராம்லி ஆப்பிள்கள் இரண்டு ஷில்லிங்குக்கு விற்றதாகப் பதிவு இருக்கிறது. அதுவே இந்தப் பெயரில் நடந்த முதல் விற்பனையாகத் தெரிவது. பலர் இதை மூன்று பழங்கள் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். நாற்றங்கால்காரர் எழுதிய கணக்கு என்பதாலும், மூன்று பழத்துக்கு இரண்டு ஷில்லிங் அக்காலத்தில் மிக அதிகம் என்பதாலும், அவை மூன்று கன்றுகளாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். 1883இல் அரச தோட்டக்கலைச் சங்கம் இந்த ரகத்துக்கு முதல் தரச் சான்றிதழ் வழங்கியது. அதன் பின் அது நாடெங்கும் பரவியது. வட அயர்லாந்தின் அர்மா மாவட்டத்தில் விளையும் பிராம்லிக்கு 2012இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இந்த வரலாற்றில் நம்மவர்கள் பலர் கவனிக்காமல் விடும் ஒன்று இருக்கிறது. உங்கள் மேசைமேல் உள்ள மூன்று பழங்களும் மேரி ஆனின் மரத்துப் பிள்ளைகள் என்று சொல்வதைவிட, அந்த மரத்தின் கிளையிலேயே காய்த்தவை என்று சொல்வதுதான் சரி. முருங்கைப் போத்தை வெட்டி நட்டால் வருவது பழைய முருங்கையேதான், புது முருங்கை அல்ல என்பது நமக்குத் தெரியும். ஆப்பிள் குச்சி முருங்கையைப் போல எளிதில் வேர் விடாது என்பதால், அதை வேறோர் ஆப்பிள் வேர்ச்செடியின்மேல் ஒட்டுக் கட்டுகிறார்கள். ஒட்டுமாங்கன்று செய்யும் அதே முறைதான். குளிர்காலத்தில் இலையுதிர்ந்து மரம் உறங்கும்போது, முந்தைய ஆண்டு வளர்ந்த பென்சில் பருமனுள்ள குச்சிகளை வெட்டிக் குளிரில் பத்திரப்படுத்துவார்கள். மார்ச் மாதத்தில் வேர்ச்செடியின் தலையைச் சாய்வாகச் சீவி, குச்சியின் அடியையும் அதே சாய்வில் சீவி, இரண்டிலும் ஒரு சிறு நாக்குப் போல வெட்டி, ஒன்றின் நாக்கு மற்றொன்றில் சிக்கும்படி செருகுவார்கள். பட்டைக்கு உள்ளே ஈரமாகத் தெரியும் மெல்லிய பச்சைக் கோடு இரண்டிலும் ஒரு பக்கமாவது சரியாகப் பொருந்தியாக வேண்டும். ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் ஒட்டாது. எனக்குக் கற்றுக்கொடுத்த முதியவர், வெட்டிய முகத்தில் விரல் பட்டால் அந்தக் குச்சியைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு எடுக்கச் சொல்வார். நான் கட்டிய முதல் பத்து ஒட்டில் நான்குதான் துளிர்த்தன.

இப்படிக் குச்சியிலிருந்து குச்சியாக, மெரிவெதரின் கத்தியிலிருந்து இன்றைய தோட்டங்கள் வரை வந்திருப்பதால், உலகில் உள்ள பிராம்லி மரங்கள் எல்லாம் உயிரியல் கணக்கில் ஒரே மரம். அதன் மூல மரம் 1900ஆம் ஆண்டுப் புயலில் சாய்ந்து விழுந்தது. விழுந்த இடத்திலேயே மீண்டும் வேர் பிடித்து எழுந்து காய்த்தது. பிற்காலத்தில் தேன் பூஞ்சை எனப்படும் வேரழுகல் பூஞ்சை அதைப் பற்றிக்கொண்டது. அந்தப் பூஞ்சைக்கு மருந்தில்லை. 1990களில் நாட்டிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூல மரத்திலிருந்து திசு எடுத்து ஆய்வகத்தில் வளர்த்துப் புதுக் கன்றுகளை உருவாக்கினார்கள். வேர்ச்செடி ஒட்டு எதுவும் இல்லாமல் தன் வேரிலேயே நிற்கும் பிராம்லி மரங்கள் அவை. 2002இல் எலிசபெத் அரசியாரின் பொன்விழாவையொட்டி நாட்டின் ஐம்பது சிறந்த மரங்களில் ஒன்றாக மூல மரம் சிறப்பிக்கப்பட்டது. உங்கள் மகனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கிடைத்தால் சவுத்வெல்லுக்குப் போய்வரச் சொல்லுங்கள். ஊரெங்கும் அந்த மரத்தின் நினைவு இருக்கிறது.

விதையைப் பற்றிய கேள்விக்கு இப்போது விடை சொல்வது எளிது. ஆப்பிள் பெரும்பாலும் தன் மகரந்தத்தால் தானே காய்க்காது; வேறு ரகத்தின் மகரந்தம் வேண்டும். ஆகவே ஒவ்வொரு விதையும் தாயின் குணத்தையும் முகம் தெரியாத தந்தையின் குணத்தையும் கலந்து புதிதாகப் பிறக்கிறது. மல்கோவாக் கொட்டையைப் போட்டு மல்கோவாவை எதிர்பார்க்க முடியாததைப் போல, பிராம்லி விதையிலிருந்து பிராம்லி வராது. அதிலும் பிராம்லிக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. பெரும்பாலான ஆப்பிள்களின் செல்லில் 34 குரோமோசோம்கள் இரண்டு தொகுதியாக இருக்கும். பிராம்லியில் 51 குரோமோசோம்கள் மூன்று தொகுதியாக இருக்கின்றன. இதை மும்மடியம் என்பார்கள். இரண்டாகப் பிரிய வேண்டிய நேரத்தில் மூன்று தொகுதிகள் சமமாகப் பிரிய முடியாமல் தடுமாறுவதால், அதன் மகரந்தம் பெரும்பாலும் பயனற்றது. விதைகளிலும் பல வளர்ச்சி குன்றியவை. ஒரு பழத்தைக் குறுக்காக வெட்டிப் பாருங்கள்: நடுவில் ஐந்து இதழ் விரிந்த நட்சத்திரம் தெரியும். அந்த அறைகளில் கொழுத்த பழுப்பு விதை ஒன்றோ இரண்டோதான் இருக்கும். மற்றவை உமி போலச் சப்பையாகக் கிடக்கும். இந்தக் காரணத்தால்தான் பிராம்லி நடும் தோட்டக்காரர், ஒரே நேரத்தில் பூக்கும் வேறு இரண்டு ரகங்களையும் அருகில் நட வேண்டியிருக்கிறது. ஒன்று மட்டும் இருந்தால் பிராம்லிக்கு அது மகரந்தம் தரும். அதற்குத் திருப்பித் தர பிராம்லியால் முடியாது. இரண்டு இருந்தால் அவை தமக்குள் கொடுத்து வாங்கிக்கொண்டு பிராம்லியையும் காய்க்க வைக்கும். மூன்று தொகுதி குரோமோசோம் மரத்துக்கு வலிமையையும் தருகிறது. இலை பெரியது, கிளை தடித்தது, அடக்காமல் விட்டால் பெரும் பரப்பை அடைத்துக்கொண்டு நூறாண்டுக்கு மேலும் நிற்கும்.

சிங்கப்பூரில் காய்க்காது என்பதற்கு மண் காரணமில்லை, தட்பவெப்பம் காரணம். குளிர்நாட்டு ஆப்பிள்கள் பூக்க வேண்டுமானால் அதற்கு முன் நன்றாக உறங்க வேண்டும். பெரும்பாலான ரகங்களுக்கு ஏறத்தாழ 7 பாகை செல்சியஸுக்குக் கீழே 800 முதல் 1000 மணி நேரம் குளிர் தேவைப்படுகிறது. நமக்கோ மழைக்கால இரவில்கூட 22 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. உறங்காத மரம் இலையும் கிளையுமாக இழுபறியாக வாழும், பூக்காது. கரையோரப் பூந்தோட்டங்களின் குளிரூட்டப்பட்ட மலர்க் கூடமும் இருபது பாகைக்கு மேல்தான் வைக்கப்படுகிறது. நம் அண்டை நாடான இந்தோனேசியாவில், கிழக்கு ஜாவாவில் பத்து (Batu) என்ற பெயருடைய நகரையொட்டிய மலைச்சரிவுகளில் ஆப்பிள் விளைகிறதே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான், அறுவடை முடிந்ததும் விவசாயிகள் மரத்து இலைகளை எல்லாம் கையால் உருவி எடுத்து, குளிர்காலம் வந்துபோனதாக மரத்தை நம்பவைத்து, ஆண்டுக்கு இருமுறைகூடக் காய்க்க வைக்கிறார்கள். மிகுந்த உழைப்பும் ஆழ்ந்த கவனிப்பும் கொண்ட வேளாண்மை அது. நேரில் பார்த்து மலைத்துப்போனேன். ஆனால் அங்கே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம், ரகங்களும் அந்த முறைக்கு ஒத்துவருபவை. வீவக நடைபாதைத் தொட்டியில் பிராம்லியின் பிள்ளையை வைத்து அதைச் செய்ய முடியாது.

முளைக்க வைத்துப் பார்க்கும் ஆசை மட்டும் என்றால் தடையில்லை. கொழுத்த விதைகளை மட்டும் பொறுக்கி, ஈரப் பஞ்சில் சுற்றி, சிறு டப்பாவில் அடைத்துக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் இரண்டரை, மூன்று மாதம் வையுங்கள். அந்தக் குளிர் இல்லாமல் விதை விழிக்காது. வாராவாரம் திறந்து பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். முளை விட்டதும் தொட்டிக்கு மாற்றலாம். சில மாதம் இலை பார்க்கலாம். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

பழங்களை வைத்திருப்பது பற்றி ஓர் எச்சரிக்கை. பிராம்லி நன்றாக நாள் தாங்கும் ரகம். இங்கிலாந்தில் குளிர்ந்த கொட்டகையில் மரத்தட்டில் பரப்பி மார்ச் வரை வைத்துக்கொள்வார்கள். ஆனால் மற்ற ஆப்பிள்களை வைக்கும் உறைநிலையை ஒட்டிய குளிர் இதற்கு ஆகாது. சுமார் 4 பாகைதான் ஏற்றது. நான் பணியில் இருந்தபோது ஓர் இறக்குமதியாளர் சிறிதளவு பிராம்லி வரவழைத்து, வழக்கப்படி மற்ற ஆப்பிள்களோடு கடுங்குளிர் அறையில் வைத்துவிட்டார். சில வாரம் கழித்து வெளியே எடுத்தபோது தோலில் ஒரு குறையும் இல்லை. கத்தி வைத்ததும், உள்ளே சதை முழுதும் நெடுநேரம் ஊறிய தேயிலையின் நிறத்தில் பழுப்பேறியிருந்தது. அந்தப் பெட்டிகளை அப்படியே கொட்ட வேண்டியதாயிற்று. நல்ல பழம் அறியாமையால் வீணானதைப் பார்த்து அன்று மிகவும் வருந்தினேன். உங்கள் வீட்டுப் பெட்டியில் காய்கறி அறையே போதும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் காகிதத்தில் சுற்றுங்கள். கீரை, வெள்ளரிக்காய் பக்கத்தில் வைக்காதீர்கள்; ஆப்பிள் வெளிவிடும் எத்திலீன் வாயு அவற்றை விரைவில் மஞ்சளாக்கிவிடும். தோலுக்கு அடியில் சிறு பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். சுண்ணாம்புச் சத்துப் பற்றாக்குறையால் பிராம்லிக்கு அடிக்கடி வரும் கசப்புப் புள்ளி அது. அந்த இடத்தை மட்டும் சீவி எறிந்தால் போதும்.

மூன்றில் இரண்டைத் தொக்காகச் செய்யுங்கள் என்று துணிந்து சொல்வேன். மாங்காய்த் தொக்குக்கு எல்லா வகையிலும் சமமாக நிற்கும் பழம் இது. தோல் சீவித் துருவி, கறுக்காமல் இருக்க உடனே உப்புப் பிசறிவிடுங்கள். வாணலியில் ஐந்தாறு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் காய்ந்ததும் கடுகு வெடிக்கவிட்டு, பெருங்காயமும் மஞ்சள் தூளும் போட்டுத் துருவலைச் சேருங்கள். புளியும் எலுமிச்சையும் வேண்டவே வேண்டாம். மாங்காயைவிட இதில் நீர் அதிகம் என்பதால் முதலில் நுரைத்துத் தளதளவென்று நிற்கும். இன்னும் இறுகவில்லையே என்று தீயைக் கூட்டிவிடாதீர்கள், அடி பிடிக்கும். சிறு தீயில் இருபது நிமிடம் கிளறினால் நீர் வற்றி, எண்ணெய் ஓரத்தில் பிரியும். அப்போது மிளகாய்த் தூள், வறுத்துப் பொடித்த வெந்தயம் கால் தேக்கரண்டி, நெல்லிக்காயளவு வெல்லம் சேர்த்து இறக்குங்கள். வெந்தயம் கூடினால் ஆப்பிளின் மணம் அடங்கிவிடும். தயிர்சாதத்துக்கு மட்டுமல்ல, சுடச்சுடத் தோசைக்கும் நன்றாக இருக்கும்.

மூன்றாவதை முழுப் பழமாகச் சூட்டடுப்பில் (oven) சுடுங்கள். நடுத்தண்டை மட்டும் குடைந்தெடுத்து, பழத்தின் இடுப்பைச் சுற்றித் தோலில் மட்டும் படும்படி கத்தியால் ஒரு கோடு கிழியுங்கள். இந்தக் கோடு இல்லாவிட்டால் உள்ளே சதை பொங்கும்போது தோல் கண்ட இடத்தில் வெடித்துவிடும். குடைந்த குழியில் நுணுக்கிய வெல்லம், ஏலக்காய்ப் பொடி, உலர்ந்த திராட்சை, சிறிது நெய் ஆகியவற்றை அடைத்து, தட்டில் இரண்டு மேசைக்கரண்டி நீர் விட்டு 180 பாகையில் முப்பத்தைந்து முதல் நாற்பது நிமிடம் வையுங்கள். கிழித்த கோட்டின்மேல் தொப்பி தூக்கியது போல வெண்ணுரை எழும்பி நிற்கும்போது வெளியே எடுத்து, எல்லாரையும் மேசைக்கு அழைத்து உடனே பரிமாறுங்கள். பத்து நிமிடம் தாமதித்தால் அந்த நுரை சுருங்கி உட்கார்ந்துவிடும்.